எண்களுக்கு அழகு எதற்கு?

புள்ளிவிபரங்களைப் படமாக வரைவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரு சாரார் இரு வேறு குரலில் ஒரே கருத்தைக் கூறக் கேட்கின்றோம். எண்ணே மெய், படம் அதற்கு இடும் ஆடை என்பது அக்கருத்து. ஆடை பகட்டாயிருந்தாற்றான் மக்கள் திரும்பிப் பார்ப்பர் என்று ஒரு சாரார் வண்ணங்களையும் பொம்மைகளையும் வாரி இறைப்பர். ஆடை எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு மெய் துலங்கும் என்று மறு சாரார் ஒவ்வொரு கோடாக அழித்துக்கொண்டு செல்வர். பத்திரிகைக் காரியாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினி நிபுணரிடையேயும் இவ்வழக்கு ஓயாது நடைபெறுகின்றது. இதில் எக்கட்சியிலும் நாம் சேரவில்லை. வழக்குக்கு அடிப்படையாய் அமைந்த அந்த உவமையே பிழை என்பது எமது வாதம்.

இவ்வுவமை எமக்குப் புதியதன்று. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு எனப் பிரித்து, உருவத்தைத் தூய கலைவாதிகளிடமும் உள்ளடக்கத்தை எம்மிடமும் ஒப்படைக்க முனைந்தவர்களோடு நாம் நெடுங்காலம் வாதாடியிருக்கின்றோம். கவிதையிலும் சிறுகதையிலும் நாம் ஒப்புக்கொள்ள மறுத்த அதே பிரிவினையை, வரைபு என்று வந்தவுடன் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வது விந்தையே. எண் என்றதும் எம்மவருக்கு ஒருவகைப் பயபக்தி உண்டாகிவிடுகின்றது போலும்.

முற்போக்காளர் வெளியிடும் துண்டுப் பிரசுரங்களை எடுத்து நோக்குக. வாழ்க்கைச் செலவு, கூலி, வரி ஆகியன பற்றிய அட்டவணைகள் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். கணக்குச் சரியாயிருந்தாற் போதும், பார்வைக்கு எப்படியிருந்தாலென்ன என்பர் நண்பர். அவர் பாடுபட்டுத் திரட்டிய கணக்கைத் தொழிலாளி மடித்துச் சட்டைப் பையில் இட்டுக்கொள்கின்றான். அது பிறகு விரிக்கப்படுவதில்லை. பள்ளிக்கூடத்திலோ நிலைமை வேறு. சலாகை வரைபுக்குத் தலைப்பு உண்டா, அளவிடை உண்டா, சலாகைகளுக்கிடையில் இடைவெளி சமமா என்று பார்த்துப் புள்ளி வழங்குகின்றோம். யார் எண்ணினர், யாரை எண்ணினர், எண்ணப்படாதோர் யாவர் என்ற வினாக்களுக்கு எமது புள்ளித் திட்டத்தில் இடமில்லை.

வரைபின் வரலாற்றை நோக்குமிடத்து இந்த வினாக்கள் அதனோடு உடன்பிறந்தவை என்பது தெளிவாகும். 1786 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் என்பார் இங்கிலாந்தின் வர்த்தகத்தைக் கோட்டு வரைபுகளாகத் தீட்டி ஒரு நூலாக வெளியிட்டார். முன்னர் நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படவரைஞராயிருந்தவர் அவர். ஏற்றுமதி ஒரு கோடு, இறக்குமதி ஒரு கோடு, இரண்டுக்குமிடையே வண்ணம் தீட்டிய இடைவெளி என்று நாடு நாடாகப் படங்கள் செல்கின்றன. கண்ணுக்கு மிக இனிய படங்கள். மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த வியாபாரமும் அவற்றுள் ஒன்று. அத்தீவுகளில் கரும்பு வெட்டியோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். படத்திலே பவுண் கணக்கு ஏறுகின்றது, இறங்குகின்றது. கரும்பு வெட்டியவன் அதில் இல்லை. பிளேபெயர் பொய் கூறினாரல்லர். அவர் கோடுகள் சுங்கத் திணைக்களத்தின் கணக்கைத் தழுவியவை. சுங்கக்காரன் எதனை எண்ணினானோ அதனை அவர் அழகாக வரைந்தார்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே மற்றொரு படம் தோன்றியது. லிவர்பூலைச் சேர்ந்த புறூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் உட்பகுதியைக் காட்டும் படம் அது. அடிமை வியாபார எதிர்ப்பாளர் 1788-89 காலப்பகுதியில் பிளிமத்திலும் லண்டனிலும் அதனை அச்சிட்டு ஆயிரக்கணக்கிற் பரப்பினர். கடற்படை அதிகாரி ஒருவரை அனுப்பி அரசாங்கமே எடுப்பித்த அளவுகள் அதற்கு ஆதாரமாயின. ஓர் ஆணுக்கு ஆறு அடி நீளமும் ஓர் அடி நாலு அங்குல அகலமும் என்று கணக்கிட்டு, 1788 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கப்பலுக்கு அனுமதித்த 454 பேரை அடுக்கிப் பார்த்தபோது தளத்திற் கால் வைக்க இடமில்லை. சட்டம் வருமுன்னர் அதே கப்பல் 609 பேர்வரை ஏற்றிச் சென்றிருந்தது.

இப்படத்தின் நடை ஊன்றி நோக்கத்தக்கது. அதிலே கண்ணீர் இல்லை, சாட்டை இல்லை, அலறும் முகம் இல்லை. கப்பற்றச்சன் வரையும் திட்டப்படத்தின் உணர்ச்சியற்ற கோடுகளே உள. வியாபாரி எந்த மொழியிற் சரக்கைக் கணக்கிட்டானோ அந்த மொழியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தனர். இதனை ஆடை என்று கூறுவது எங்ஙனம்? கோடுகளின் குளிர்ச்சியை அகற்றிவிட்டாற் படத்தின் கண்டனமும் அகன்றுவிடும். எனினும் இப்படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. படுத்துக் கிடக்கும் அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்த சிறு உருவங்கள். அவர்களுக்காகப் பிறர் வரைந்தனர். தம்மைத் தாமே வரைய அவர்களுக்கு வாய்ப்பிருக்கவில்லை.

அந்த வாய்ப்பு வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1900 ஆம் ஆண்டு பரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், சமூகப் பொருளாதார மாளிகையின் ஒரு பகுதியில், அமெரிக்கக் கறுப்பு மக்களின் நிலையை விளக்கும் ஏறத்தாழ அறுபது வரைபுகள் வைக்கப்பட்டன. அவற்றை வரைவித்தவர் அட்லாண்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். அப்போது அவருக்கு வயது 32. மையும் நீர்வண்ணமும் கொண்டு கையாலேயே அவை தீட்டப்பட்டன. கறுப்பு மாணவர்களாலேயே ஆக்கப்பட்டவை என்று அவற்றின் முகப்பில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அதே கண்காட்சியின் மறுபுறத்தில், திரொக்காடெரோப் பூங்காவில், ஐரோப்பிய அரசுகள் தத்தம் குடியேற்ற நாடுகளின் மக்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்தி வைத்திருந்தன என்பதையும் சேர்த்து எண்ணினாற்றான் இந்தக் கையொப்பத்தின் பொருள் விளங்கும்.

எத்தகைய சூழ்நிலையில் அவை வரையப்பட்டன? 1899 ஏப்ரில் மாதம் ஜோர்ஜியா மாநிலத்தில் சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. நிதானமான மறுப்பொன்றை எழுதி எடுத்துக்கொண்டு பத்திரிகைக் காரியாலயத்தை நோக்கி டு போய்ஸ் நடந்தார். கொல்லப்பட்டவனின் விரற்கணுக்கள் வழியிலே ஒரு கடையிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாக அறிந்து, திரும்பி நடந்தார். உண்மைகளைத் திரட்டி முன்வைத்தாற் போதும், உலகம் திருந்திவிடும் என்று நம்பிய இளம் சமூகவியலாளரின் வாழ்வில் அந்நிகழ்ச்சி ஒரு திருப்பம் என்பதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கின்றார். அந்நிகழ்ச்சிக்குப் பின் ஓராண்டு கழியுமுன் வரையப்பட்டவையே இவ்வரைபுகள். எண்களை அவர் கைவிடவில்லை. எண்களைக் கண்ணுக்கு முன் நிறுத்தும் முறையைத் தேடினார்.

ஒரு படத்தைக் கூறுவோம். 1790 முதல் 1870 வரை அமெரிக்கக் கறுப்பு மக்களுள் அடிமைகள் எத்தனை வீதம், சுதந்திரர் எத்தனை வீதம் என்பது பொருள். தாள் முழுவதையும் கரிய மலை ஒன்று அடைத்துக்கொண்டிருக்கின்றது. அதன் உச்சிக்கு மேலே ஒடுங்கிய பச்சைப் பட்டை ஒன்று. அதுவே சுதந்திரம். 1790 இல் 8 வீதம், 1830 இல் 14 வீதம், 1860 இல் 11 வீதம். எழுபது ஆண்டுகளாகப் பச்சை அகலவில்லை, கூடிப் பின் குறையவும் செய்கின்றது. 1860 ஐத் தாண்டியதும் மலை செங்குத்தாகச் சரிந்து முடிகின்றது. 1870 இல் பச்சை 100 வீதம். ஒன்பது எண்களைக் கொண்ட அட்டவணையாக இதனை எழுதிவிடலாம். முதலாளியின் நல்லெண்ணத்தால் விடுதலை மெல்ல மெல்லக் கனியும் என்று போதித்தோருக்கு அந்த அட்டவணையும் விடைதான். ஆனால் அந்தச் செங்குத்தான சரிவைக் கண்டவன், அங்கே ஒரு போரும் ஒரு சட்டத் திருத்தமும் நடுவிற் புகுந்தன என்பதை எவரும் சொல்லாமலே கேட்கத் தொடங்குவான்.

மற்றொரு படம் இன்னும் துணிவானது. 1890 இல் ஜோர்ஜியாவின் கறுப்பு மக்கள் எங்கெங்கு வாழ்ந்தனர் என்பது அதன் பொருள். 10,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களில் 78,139 பேர். 5,000 முதல் 10,000 வரையுள்ள நகரங்களில் 8,025 பேர். 2,500 முதல் 5,000 வரையுள்ள சிறு பட்டினங்களில் 37,699 பேர். நாட்டுப்புறத்தில் 734,952 பேர். முதன் மூன்றும் வெவ்வேறு வண்ணக் கோடுகளாக ஒன்றையடுத்து ஒன்று செல்கின்றன. நான்காவது முதலாவதிலும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது. அதனை நேர்கோடாக இழுத்தாற் படம் தாளை விட்டு வெளியேறும். தாளுக்கு அடங்கக் குறுக்கினால் 8,025 பேர் ஒரு புள்ளியாகிவிடுவர். டு போய்ஸும் மாணவரும் என்ன செய்தனர்? செந்நிறக் கோட்டைச் சுருளாகச் சுற்றிவிட்டனர். கண் அச்சுருளைப் பின்தொடர்ந்து சுற்றிச் சுற்றி உள்ளே செல்லவேண்டும். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து 25 ஆண்டு சென்றும் பருத்தி நிலத்தில், நிலச்சொந்தக்காரனுக்கு விளைச்சலிற் பங்கு கொடுத்தும் கடன்பட்டும் வாழ்ந்த மக்களின் தொகை அது. இத்தனை கருத்தையும் எண்ணியே அவர் வரைவித்தார் என்று சாதிக்க நாம் வரவில்லை. படம் இன்றும் இருக்கின்றது. பார்ப்போர் கண் அவ்வழியேதான் செல்கின்றது.

பரிஸுக்கு வருவோர் யார் என்பதையும் அவர் மறந்தாரல்லர். எழுத்தறியாமை பற்றிய ஒரு படத்தில் அமெரிக்கக் கறுப்பு மக்களை ஐரோப்பிய நாடுகளோடு வரிசைப்படுத்தினார். ருமேனியா, செர்பியா, ரஷ்யா ஆகியவற்றின் சலாகைகள் அவர்களது சலாகையிலும் நீளமானவை. மற்றவை பச்சை, அது மட்டும் சிவப்பு. ஐரோப்பியன் தன் கண்டத்தின் எழுத்தறியாமையைக் கறுப்பனின் சலாகைக்கு மேலே காணவேண்டியதாயிற்று.

இனி, ஆடை களையும் கட்சியாரிடம் வருவோம். அவர்களது தலைவராக எண்ணப்படுபவர் அமெரிக்கரான எட்வேர்ட் டஃப்டி. 1983 இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் ஏறக்குறைய சட்டநூலாகவே மதிக்கப்படுகின்றது. படத்திற் செலவான மையுள் எண்களைச் சுட்டும் மையின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, எஞ்சியதை இயன்றவரை அழிக்கவேண்டும் என்பது அவர் விதி. அந்நூலை இகழ்வது எமது நோக்கமன்று. பத்திரிகைகள் எண் இரு மடங்கானால் உருவத்தை உயரத்திலும் அகலத்திலும் இரு மடங்காக்கி, பார்ப்போனுக்கு நான்கு மடங்கென மயக்கம் விளைத்ததை அவர் தோலுரித்துக் காட்டினார். ஆசிரியர்கள் அதனைக் கட்டாயம் கற்றல் வேண்டும். ஆயினும் அவரது விதியை டு போய்ஸின் சுருளுக்குப் பிரயோகித்தால் விளைவு யாது? சுருளில் நீளங்களை ஒப்பிடுவது கண்ணுக்குக் கடினம். அது மெய். நான்கு சலாகைகள் போதுமே என்பார் விதிவாதி. அளவைக் கூறத்தான் பக்கத்திலேயே எண் எழுதியிருக்கின்றதே! விதிவாதியின் நான்கு சலாகைகளை நோக்குவோன் "நாட்டுப்புறத்திற் பெரும்பான்மை" என்று அறிந்து அடுத்த தாளுக்குச் செல்வான். அவசரமாகத் தீர்மானம் எடுக்கும் முகாமையாளனுக்கு அது போதும். அந்த முகாமையாளனையே மனிதகுலத்தின் பிரதிநிதியாகக் கொண்டு எழுதப்பட்ட அழகியல் இது என்பதே எமது குற்றச்சாட்டு. சிக்கனம் அவனுடைய நற்குணம். அதனைக் காணும் எல்லோருக்கும் பொதுவான அழகு என்று பெயர்சூட்டி விற்கின்றனர்.

பகட்டுக் கட்சிக்காரர் இதனைக் கேட்டு மகிழவேண்டாம். 1982 இல் டைம் சஞ்சிகையில் நைஜல் ஹோம்ஸ் வைர விலையின் ஏற்ற இறக்கத்தை ஒரு நாட்டியக்காரியின் காலாக வரைந்தார். டஃப்டி அதனைக் கடுமையாகச் சாடினார். 2010 இல் கனடாவின் சஸ்கற்சுவான் பல்கலைக்கழகத்தார் ஹோம்ஸின் படங்களையும் மொட்டையான வரைபுகளையும் மாணவருக்குக் காட்டிச் சோதித்தபோது, படங்கள் விளக்கத்துக்கு இடையூறாகவில்லை, இரண்டு மூன்று வாரங்களின் பின் நினைவிலும் கூடுதலாக நின்றன என்று கண்டனர். பகட்டுக்கு வெற்றி என்று சிலர் கொட்டு முழக்கினர். நினைவில் நின்றது எது? வைரம் தோண்டியவனா? விளம்பரக்காரனுக்கும் நினைவில் நிற்பதுதான் வேண்டும்.

இருதிறத்தாரும் கண்டுகொள்ளாத ஒருவர் ஒட்டோ நொய்ராத். சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சியிலிருந்த வியன்னா நகரில் 1925 முதல் ஓர் அரும்பொருட்சாலையை நடத்தியவர். அங்கே பழம்பொருள் எதுவும் இல்லை. வீடமைப்பு, பிறப்பு இறப்பு, வேலையின்மை ஆகியன பற்றிய படவரைபுகளே இருந்தன. அவர் முறை எளிது. தொகை பெருகினால் உருவம் பெருக்கக் கூடாது; அதே அளவுள்ள உருவத்தை மேலும் மேலும் அடுக்கவேண்டும். தொழிலாளி விரல் வைத்து எண்ணிச் சரிபார்க்கலாம். உருவங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற இடதுசாரி ஓவியர். நிபுணரின் எண்களுக்கும் ஓவியரின் கைக்கும் நடுவில் நின்று, எதை எப்படி அடுக்கினால் எவ்வினா எழும் என்று திட்டமிட்டவர் மறீ றைடமைஸ்டர். இந்த நடுவேலைக்கு "மாற்றுநர்" என்றே அவர்கள் ஒரு தனிப் பெயர் வைத்திருந்தனர். எண்ணுக்குப் பின்பு படம் என்பதல்ல, எண்ணைத் தெரிவதிலேயே படம் தொடங்கிவிடுகின்றது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. 1934 பெப்ரவரியில் டொல்ஃபுஸ் அரசாங்கம் சமூக ஜனநாயகரைப் பீரங்கி கொண்டு அடக்கியபோது கட்சியோடு இந்த முயற்சியும் வியன்னாவில் முறிந்தது. அச்சமயம் மொஸ்கோவிலிருந்த நொய்ராத் வீடு திரும்பாது ஹேக் நகருக்குச் சென்றார். 1940 இல் நாஸிகள் அங்கும் வரவே, படகேறி இங்கிலாந்துக்குத் தப்பினார்.

அவர் குழுவினரையும் நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. உலக மக்களைச் சில இனக் கூட்டங்களாகப் பிரித்து, ஒன்றுக்கு ஐரோப்பியத் தொப்பி, ஒன்றுக்குத் தலைப்பாகை, ஒன்றுக்குக் கூம்புத் தொப்பி என்று அவர்கள் சின்னமிட்டதைப் பார்க்கும் ஆசியனுக்கு எரிச்சல் உண்டாவது இயல்பு. ஓருருவை அடுக்கும் முறையிலேயே அந்த ஆபத்து உண்டு. அந்த உருவைத் தீர்மானிப்பவன் எங்கிருந்து பார்க்கின்றான் என்ற வினா நொய்ராத்துக்கும் பொருந்தும்.

"இவையெல்லாம் பழங்கதை, இன்று கணினி தானே ஒழுங்காக வரைகின்றது" என்று கூறுவாரும் உளர். அவர்களுக்காக டு போய்ஸின் அதே ஜோர்ஜியாவுக்கு மீண்டும் செல்வோம். 2020 ஏப்ரில் இறுதியில், கொரோனாத் தொற்று அடங்காதபோதே, அம்மாநிலம் முடிதிருத்தும் நிலையங்களையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் திறக்க அனுமதித்தது. மே மாதத்தில் அதன் பொதுச் சுகாதாரத் திணைக்களம் தொற்று மிகுந்த ஐந்து கவுண்டிகளின் நிலையைச் சலாகை வரைபாக வெளியிட்டது. இடமிருந்து வலமாகச் சலாகைகள் படிப்படியாய் இறங்கின. கண்ணுக்கு ஆறுதலான காட்சி. கீழே பொடி எழுத்திலிருந்த திகதிகளை ஊன்றி வாசித்தோரே திடுக்கிட்டனர். மே 7க்கு அடுத்ததாக ஏப்ரில் 26 நின்றது. நாட்கள் காலவரிசையில் அல்ல, சலாகைகள் இறங்கத்தக்க வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாளுக்குள்ளும் கவுண்டிகளின் ஒழுங்குங்கூட அவ்வாறே மாற்றப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்ததும் படம் திருத்தப்பட்டது. ஆளுநர் தரப்பில் மன்னிப்பும் கோரப்பட்டது. எவரோ ஒருவர் கவனக்குறைவாகக் கணினியில் வரிசைப்படுத்தியிருக்கலாம். அதனை மறுக்க எம்மிடம் ஆதாரமில்லை. ஆனால் அந்தக் கவனக்குறைவு ஏறுகின்ற படத்தைத் தந்திருப்பின் வெளியிடுமுன் எத்தனை பேர் அதனை இரண்டாம் முறை பார்த்திருப்பர்?

அப்படத்தில் நாட்டியக்காரியின் கால் இல்லை. அழிக்கவேண்டிய அலங்காரம் எதுவுமில்லை. எண்களும் சரியே. தலைப்பு, அளவிடை, சம இடைவெளி எல்லாம் ஒழுங்காயிருந்தன. எமது புள்ளித் திட்டப்படி முழுப்புள்ளி பெறத்தக்க படம். வினாத்தாள் தயாரிக்கும் சக ஆசிரியர்களிடம் நாம் கேட்பது இதுவே. அந்தப் படத்தையும் டு போய்ஸின் சுருளையும் அருகருகே அச்சிட்டு, இவற்றுள் எது யாருக்காக வரையப்பட்டது, அதனை எப்படி அறிந்தாய் என்று மாணவரைக் கேளுங்கள். நேர்த்திக்கு ஒதுக்கும் புள்ளிகளுட் பாதியை அவ்விடைக்கு வழங்குங்கள்.